சுற்றி நிற்கும் எட்டுப் பேர்

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள், காலை பதினோரு மணிக்கு, டீக்கடைத் தவசிலிங்கத்தின் இடது காறை எலும்புக்கு மேலே ஒரு பொறி வந்து உட்கார்ந்தபோது, எங்கள் முள்ளிக்குறிச்சியில் யாரும் ஐயோ என்று கத்தவில்லை. கடையில் நின்ற பதினேழு பேருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்கள் நாலு வருஷமாக அதைத் துடைக்கிற வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

நானும் அதில் ஒருத்தி. ஊருக்கு மேற்கே தீப்பெட்டி ஆபீஸ் மூடிக் கிடந்த கட்டடத்தை ஜெயசிங் என்று ஒருத்தர் நாகர்கோவில் பக்கமிருந்து வந்து வாங்கி, சுவரில் படிந்திருந்த மருந்து வாடையைச் சுண்ணாம்பு அடித்துப் போக்கி, ஏசி மாட்டி, நாற்பது கம்ப்யூட்டர்களை இறக்கி, குச்சி அடுக்கிப் பழகிய நாற்பது பெண்களை அதன் முன்னால் உட்கார வைத்தார். எங்கேயோ வெளிநாட்டில் சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரே படம் வரைகிறது. மரம், கடல், அரண்மனை, பெய்யாத மழை, பிறக்காத குதிரை எல்லாவற்றையும் அதுவே வரைகிறது. வெளிச்சம் எங்கிருந்து வரும், எதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று கோடி கோடியாக நூல் விட்டுப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாக நிரப்பிக்கொண்டே போகிறது. அப்படி விட்ட நூலில் ஏதோ ஒன்று எதிலோ பட்டு எதிலோ தெறித்து, நேராக விளக்கின் நடுவிலேயே போய் முட்டிவிடும். அந்தப் புள்ளி மட்டும் வெள்ளை வெளேரென்று கொதித்து நிற்கும், இருட்டுக் குகையின் சுவரில், ராணியின் மோவாயில், செத்துக் கிடக்கிற குதிரையின் வயிற்றில். வெளிநாட்டில் அதை மின்மினி என்பார்களாம். தீப்பெட்டிக்காரிகளான எங்களுக்கு அது பொறி.

வேலைக்குச் சேர்ந்த அன்று உலகம்மாள் ஜெயசிங்கிடம் கேட்டாள், "சார், இது கம்ப்யூட்டர் தப்பாப் போட்டதா?"

"தப்பில்லம்மா. கணக்கு சரிதான். அந்தப் புள்ளி வெளிச்சத்த நெசமாவே பாத்துருக்கு. ஆனா சுத்தி நிக்கிற எட்டுப் புள்ளியும் அதப் பாக்கல. நாம எத நம்பணும்?"

"எட்ட."

"அவ்வளவுதான் வேலை. எட்டையும் கூட்டி, வகுத்து, வாரத நடுவுல நெரப்பிட்டு அடுத்ததுக்குப் போ."

எங்கள் நாற்பது பேரில் அவள் கைதான் கை. முப்பத்தாறு வயசு, கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷமே புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பியவள், யாரையும் ஒரு சொல் கேட்கமாட்டாள், யார் கேட்டாலும் ஒரு சொல் சொல்லமாட்டாள். அவள் துடைத்த இடத்தில் முன்பு ஒரு பொறி இருந்தது என்று அந்தப் படத்தைப் பெற்ற கம்ப்யூட்டராலேயே கண்டுபிடிக்க முடியாது. என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி அவளுடையது, அதனால்தான் இதையெல்லாம் நான் சொல்லுகிறேன்.

தவசிலிங்கத்தின் பொறி கடுகளவுதான் இருந்தது. தொட்டால் சுடவில்லை. ஆனால் உச்சிவெயிலிலும் தனியாகத் தெரிந்தது. சட்டை போட்டால் சட்டைக்கு மேலே தெரிந்தது, துண்டைப் போட்டால் துண்டுக்கு மேலே தெரிந்தது, முதுகுப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் அதே இடத்தில் தெரிந்தது. முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அவர் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். கேட்டது எதுவும் பலிக்கவில்லை என்றதும் வருவதை நிறுத்தினார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, இதற்கு மீட்டர் தேவையா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். கண் மங்கிய பெண்கள் ஊசியில் நூல் கோர்க்க அவர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். கோழிகள் மட்டும் அந்தத் தெருவில் அடைய மறுத்தன.

தவசிலிங்கம் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அவருடைய வேலை இருந்தது. கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டியிருப்பார். தினமும் காலையில் பால் காய்வதற்குள் அதில் ஒரு பொய் எழுதுவார். இன்று மாலை கண்மாய் இரண்டடி தெற்கே நகரும், கரையில் துணி காயப் போட்டவர்கள் எடுத்துக்கொள்ளவும். போன மாதம் தொலைந்த ஞாயிற்றுக்கிழமையைக் கண்டெடுத்தவர்கள் கடையில் ஒப்படைக்கவும். பொய் என்று தெரிந்தும் நாலு பேர் சாயங்காலம் கண்மாய்க்கரைக்குப் போய் நின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அப்படி நிற்கப் போன இடத்தில்தான் கரை உடைந்திருந்ததைப் பார்த்து அடைத்த வருஷமும் உண்டு.

தை முடிவதற்குள் பதினோரு பேர் மேல் பொறி விழுந்துவிட்டது. எண்பது ஆட்டுக்கும் தனித்தனியாகத் தகப்பன் பேர் சொல்லுகிற கீதாரி ஒருத்தர், ஒரே நிலத்துக்காகப் பதினாறு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு விதவை, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டு முடிக்கும்வரை தான் தண்ணீர்கூடக் குடிக்காத சத்துணவு டீச்சர், இப்படி. ஏன் இவர்கள் மேல் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே விழுந்தது என்றுதான் கேட்டோம், நெற்றியிலா, முழங்காலிலா, மூடினால் மூடுமா என்று.

மூடவில்லை. அதுதான் கஷ்டம். பொறி இருக்கிற வீட்டில் கூடப் படுக்கிறவர்களுக்குத் தூக்கம் இல்லை. ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கப் போனால், முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது, நகர்ந்து உட்கார் என்று மிஷின் திருப்பித் திருப்பிச் சொல்லி, கடைசியில் இப்படி ஒரு ஆளே இல்லை என்று முடித்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள், தெருவில் நுழைந்ததும் எதிர்வீட்டில் பொறி தெரிவதைப் பார்த்துவிட்டு, நல்ல நேரம் தாண்டிவிட்டது என்று அப்படியே வண்டியைத் திருப்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து, நெற்றிப் பொட்டருகே மூன்று கோடு விழுந்துவிட்டது.

பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் கமிட்டி ஃபிளெக்ஸ் அடித்தது. கமிட்டியில் உரக்கடைக்காரர், பஸ் ஏஜெண்ட், ரேஷன்கடைக்காரர் என்று ஒன்பது பேர். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர், நட்டநடுவில் தவசிலிங்கம். படத்தைக் கொண்டுவந்து உலகம்மாளிடம் கொடுத்த கமிட்டிச் செயலாளர், "எம்மா, இவர் ஒருத்தர் மேல இருக்குற பொறி மத்த எட்டுப் பேரு மூஞ்சியயும் கெடுக்குது. ஒங்கையால துடைச்சுக் குடு" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எலுமிச்சம்பழச் சாதத்தை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பொறியைத் துடைத்தாள். எப்போதும் செய்கிற மாதிரியே சுற்றி இருந்த எட்டையும் எடுத்தாள், கூட்டினாள், வகுத்தாள், நடுவில் நிரப்பிச் சேமித்துவிட்டுச் சாதத்தைப் பிசைந்தாள். அந்த நேரத்தில் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தவசிலிங்கத்தின் காறை எலும்பிலிருந்த பொறி அணைந்தது. அவர் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார், எதையோ மறந்தவர் மாதிரி டம்ளரைப் பார்த்தார், பிறகு தொடர்ந்து ஆற்றினார். மறுநாள் சிலேட்டில் 'டீ, காபி, வடை' என்று எழுதியிருந்தது.

ஊரே கைதட்டியது. கைதட்டியதை நினைத்து வருந்தியது அவர் பெண்டாட்டி ரெத்தினம் மட்டும்தான், அதுவும் பதினோரு நாள் கழித்து. ஆபீஸ் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் காத்துக் கிடந்து, நாங்கள் வெளியே வந்ததும் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி உலகு, அவர என்ன செஞ்ச?"

"பொறிய எடுத்தேன், மதினி. நீங்களும் சரின்னுதானே சொன்னீக."

"சொன்னேன். சொல்லலேன்னு சொல்லல. நேரத்துக்கு வீட்டுக்கு வாராரு, நேரத்துக்குச் சாப்பிடுதாரு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா உரக்கடைக்காரர் மாதிரி இருமுதாரு, ஏட்டி. பஸ் ஏஜெண்ட் மாதிரி சிரிக்காரு. ரேஷன்கடைக்காரர் அவுக வீட்டம்மாகிட்ட எப்பிடிப் பேசுவாரோ அப்பிடியே எங்கிட்டப் பேசுதாரு. எட்டு ஆம்பளையளையும் ஆட்டுக்கல்லுல போட்டு அரைச்சு, அதுல ஒரு ஆளப் பிடிச்சு எங்கிட்ட அனுப்புன மாதிரி இருக்கு. எனக்குக் கூச்சமா இருக்கு."

பிடித்த கையை உலகம்மாள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"திருப்பி வச்சுரு" என்றாள் ரெத்தினம். "மின்னுனா மின்னிட்டுப் போட்டும். நான் மூஞ்சியில சேலைய மூடிட்டுத் தூங்கிக்கிடுதேன்."

மறுநாள் உலகம்மாள் வைத்துப் பார்த்தாள். ஆனால் சேமித்த படத்தில் பழைய புள்ளி இல்லை. எட்டுப் பேரும் அந்த இடத்தில் ஏற்கெனவே குடிவந்திருந்தார்கள். அதே இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வரைந்தாள். தவசிலிங்கத்தின் காறை எலும்பில் வெள்ளையாக ஒரு தேமல் விழுந்தது, வெளிச்சம் விழவில்லை. தேமலுக்கு ரெத்தினம் களிம்பு வாங்கிப் போட்டாள்.

இது நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகுதான் முகாம் போட்டார்கள். சுற்றி நிற்கிறவர்களிடமிருந்து எடுத்துத்தான் நடுவில் நிரப்புகிறது என்றால், நல்ல ஆட்களாக நிறுத்தினால் போகிறது என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பொறி விழுந்தவரை நடுவில் ஸ்டூலில் உட்கார்த்தி, சுற்றி எட்டுப் பேரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். யாருக்கு யார் நிற்பது என்பதில் கைகலப்பு வந்தது. மாமியார் வீட்டார் எட்டுப் பேரா, தாய்வீட்டார் எட்டுப் பேரா? கவர்ன்மெண்ட் உத்தியோகத்தில் இருக்கிற நாலு பேரை எல்லோரும் கேட்டதால், அவர்கள் எல்லாப் படத்திலும் நின்று நின்று கால் வீங்கிப் போனார்கள். பொறி விழுந்தவர்கள் யாரும் முரண்டு பிடிக்கவில்லை. மூன்று மாதம் தனியாக மின்னிப் பார்த்தவர்கள் அவர்கள். போதும் என்று அவர்களே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

கீதாரிக்குத் துடைத்தது நான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்த வாரம் அவர் ஆட்டுக்கிடைக்கு நடுவில் நின்று, எந்த ஆடு எது என்று தெரியாமல், ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வைகாசியில் எண்பதையும் ஒரே லாரியில் ஏற்றி விற்றுவிட்டார். விதவை கேஸை வாபஸ் வாங்கினாள். சத்துணவு டீச்சர் பன்னிரண்டே காலுக்கெல்லாம் சாப்பிட்டுவிடுகிறார். ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை, கோழிகள் பழைய இடத்துக்கு அடையத் திரும்பின, கல்யாணங்கள் கூடி வந்தன.

எல்லாம் முடிந்தது என்று பந்தலைப் பிரித்த அன்று, பேச்சியம்மாள் மேல் பொறி விழுந்தது.

பேச்சி உலகம்மாளின் தங்கை, பத்து வயசு இளையவள். பஞ்சாயத்துத் தண்ணீர் டிராக்டர் ஓட்டுகிறவள். எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஏழு மைல் தள்ளி இருந்து டேங்கரில் வரவேண்டும். முன்பு ஓட்டியவர்கள் மேலத்தெருவில் ஆரம்பித்து ஒவ்வொரு தெருவாக ஊற்றிக்கொண்டு, கீழக்காலனிக்குப் போகும்போது அடியில் கிடக்கிற வண்டலைத்தான் கொடுப்பார்கள். அது அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். பேச்சி ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாளே டிராக்டரை நேராகக் கீழக்காலனிக்கு விட்டாள். மேலத்தெருவில் குடத்தோடு காத்து நின்றவர்கள் கேட்டபோது, "வண்டிக்கு ரிவர்ஸ் வரலண்ணாச்சி, சுத்தித்தான் வரணும்" என்றாள். நாலு வருஷமாக அந்த வண்டிக்கு ரிவர்ஸ் வரவில்லை.

சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாக அழுவாள், துஷ்டி வீட்டில் போய்ச் செத்தவரிடமே சண்டை போடுவாள். அவளுக்குப் பொறி தொண்டைக்குழியில் விழுந்தது. பேசும்போது அது மேலும் கீழும் ஏறி இறங்கும், சிரித்தால் அதிரும்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "சங்கிலி போட்டுக்க வக்கில்லேன்னு அம்மா பொலம்புவாளே, இந்தா வைரம்."

அம்மா சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே எட்டுப் பேருக்கு ஆள் தேட ஆரம்பித்தாள்.

பொறிகள் பதினொன்று இருந்தபோது ஒவ்வொன்றும் கடுகளவுதான் இருந்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியபோதும் அது கடுகளவுதான் இருந்தது, ஆனால் நாங்கள் எல்லோரும் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது. மினிபஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. யாரும் திட்டவில்லை, கண்ணுக்கு மேலே கையை வைத்து நிழல் பிடித்துக்கொண்டு, என்னம்மா நல்லாருக்கியா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். கீழக்காலனிக்காரர்கள் தண்ணீர் பிடித்தார்கள், அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டே, உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது தாயி என்றார்கள். அதுதான் அவளை ரொம்பவும் வாட்டியது என்று உலகம்மாள் என்னிடம் சொன்னாள்.

ஆனி மாதம் ஒரு காலை ஒன்பதரை மணிக்கு, ஓடைப்பாலத்துத் திருப்பத்தில், பேச்சியின் டிராக்டருக்கு எதிரே வந்த மினிபஸ் டிரைவருக்கு அவள் பொறியில் கண் கூசியது. பஸ் பாலச்சுவரை இடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. பதினான்கு பேருக்கு அடி. கீழக்காலனி மாரிக்கனி என்கிற நிறைமாதப் பெண்ணுக்குப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அவளைத் தூக்கி டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவள் பேச்சிதான். வழி நெடுக, அரை மயக்கத்தில், மாரிக்கனி கையால் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாளாம்.

அன்று பிற்பகல் பேச்சி வீட்டு முன்னால் ஊர் வந்து நின்றது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கல் எடுக்கவில்லை. நானும் நின்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். அரைமணி நேரம் நின்றுவிட்டுக் கலைந்து போனோம்.

அடுத்த நாள் உலகம்மாள் வேலைக்கு வரும்போது பேச்சியும் கூட வந்தாள். வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அக்காளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எடுத்துரு, அக்கா."

"போ, ஏட்டி. வாய மூடு."

"மாரிக்கனி பிள்ளைய நான்தான் முழுங்கிட்டேன்."

"நீயா முழுங்குன? பஸ்ஸு போய் மோதுச்சு."

"எல்லாரும் ஒரு பக்கம் பாக்காக, நான் ஒருத்தி ஒரு பக்கம் பாக்கேன். எனக்குத்தான் கண்ணு கோளாறோன்னு இருக்கு. அக்கா, தனியா நிக்க முடியல. சத்தியமா முடியல."

பேச்சி அழுதுகொண்டிருந்தாள், தொண்டையில் அது ஏறி ஏறி இறங்கியது. உலகம்மாள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுருக்காமல் அதைப் பார்த்தது எங்கள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

"அம்மா யார் யாரச் சொல்லி வச்சிருக்கா?" என்று கேட்டாள் பேச்சி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பெரியத்த மருமகளும் உண்டா?"

"உண்டு."

"அவள மாதிரி ஆகுறதுக்கு நான் அந்த டேங்குக்குள்ள விழுந்து செத்துரலாம்." அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "ஆளயாச்சும் நீ பாத்து நிறுத்து, அக்கா."

உலகம்மாள் மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் அவள் திரையில் பொறிகள் அப்படியே கிடந்தன, ஜெயசிங் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் தெருத்தெருவாக ஒவ்வொரு ஆளையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். ஒருத்திக்குக் குசும்பு, ஒருத்திக்குப் பொறாமை, ஒருத்தி பிள்ளையைக் கிள்ளுவாள், ஒருத்தி கீழக்காலனிக்காரிக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவாள். என்னையும் நிறுத்திப் பார்த்திருப்பாள், என்னைக் கேட்கவில்லை. நாலாம் நாள் என்னிடம் சொன்னாள்: "எட்டுப் பக்கமும் நானே நிக்கப் போறேன். அவள எனக்குள்ள வச்சுக்கிட்டா, கெட்டுப்போக மாட்டா. அவமேல எனக்கு இருக்குற பாசம் வேற யாருக்கு இருக்கு?"

கொல்லைப்புறத்தில், மத்தியான வெயிலில், பேச்சியை முக்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு உலகம்மாளை அவளுடைய வலப்பக்கம் நிறுத்தி ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பின்னால் மூன்று, முன்னால் குத்தவைத்து மூன்று. ஆபீஸில் வைத்து எட்டு உலகம்மாளையும் பேச்சியைச் சுற்றி அவளே ஒட்டினாள், தையல் தெரியாமல். அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. ஒரே நீலச்சேலையில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எட்டுப் பேரும் வாயை மூடி, நடுவில் இருக்கிறவளைக் காவல் காக்கிற மாதிரி.

அந்தப் பொறியையும் எப்போதும் போலவே துடைத்தாள். முடித்ததும் என்னைப் பார்த்து, "வலிச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் போனபோது பேச்சி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பொறி இல்லை. அழுகையும் இல்லை. "வா, கை கழுவு" என்றாள். சண்முகத்தாய் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

முதல் பத்து நாள் உலகம்மாளுக்கு நிம்மதிதான். பேச்சிக்குக் கெட்ட குணம் எதுவும் வரவில்லை. மரியாதையாகப் பேசினாள், ஒருவரைப் பற்றியும் புறம் பேசவில்லை. ஆவணியில் பஞ்சாயத்துக்காரர்கள் கூப்பிட்டு, வண்டியை மேலத்தெருவிலிருந்து ஆரம்பித்துப் போனால் என்ன என்று கேட்டார்கள். சரி என்றாள். கீழக்காலனிக்கு மறுபடி வண்டல் போனது. சாயங்காலம் வந்து கால் கழுவிக்கொண்டே, "பாவம், அந்த ஜனங்க" என்றாள். அதைச் சொன்ன விதம், சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்ட விதம், விட்டபிறகு துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிய விதம், எல்லாவற்றையும் உலகம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது.

"முப்பத்தாறு வருசமா நான் ரொம்ப நல்லவன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள் என்னிடம், மறுநாள் திரையைப் பார்த்தபடி. "எனக்குள்ள வேற என்னமோ இருக்கும், வெளிய வரலன்னு நெனச்சேன். எட்டு மடங்கு ஊத்திப் பாத்துட்டேன். அவ்வளவுதான் இருக்கு."

பிறகு அவள் பேச்சியைக் கோபப்படுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுடைய தட்டில் உப்பை அள்ளிப் போட்டாள். பேச்சி தண்ணீர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தாள். மாரிக்கனி வீட்டார் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னாள். நல்லா இருக்கட்டும் என்றாள் பேச்சி. பஞ்சாயத்தில் வண்டியோட்ட வேறு ஆளைப் போட்டதும், அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, பேச்சி எங்கள் ஆபீஸுக்கே வேலைக்கு வந்தாள், உலகம்மாளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில். இரண்டே வாரத்தில் அவள் கை, உலகம்மாளின் கை ஆகிவிட்டது. ஜெயசிங் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி அவளைப் பாராட்டினார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோறு வடித்து இறக்கிய நேரம், உலகம்மாள் கொதிக்கிற சோற்றுப் பானையைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். கஞ்சியும் சோறும் சுவரிலிருந்து தரைக்கு வழிந்தன. பானை உருண்டு போய் வாசல்நிலையில் இடித்தது. "கேளுட்டி!" என்று கத்தினாள், அவள் ஆயுசிலேயே அப்படிக் கத்தியதில்லை. "என்னன்னு கேளு! நாலு வார்த்த திட்டு! மயிரப் பிடிச்சு இழு, பேச்சி!"

பேச்சி அவளைப் பார்த்தாள். பார்வையில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, கொஞ்சம். கொடியிலிருந்து பழந்துணியை எடுத்தாள், குத்தவைத்து உட்கார்ந்து, சுவரோரத்திலிருந்து சோற்றைத் தள்ளித் தள்ளி ஒன்று சேர்க்க ஆரம்பித்தாள். பாதத்தில் கஞ்சி பட்டுச் சிவந்திருந்தது, அதைப் பார்க்கவில்லை. உலகம்மாள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நின்று பார்த்தும் அவளுக்கும் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. முறத்தை எடுத்து வந்து எதிரே குத்தவைத்தாள். ஒருத்தி கூட்டித் தள்ள, ஒருத்தி முறத்தில் வாங்கினாள்.

உள்வீட்டில் படுத்திருந்த சண்முகத்தாய், "அங்க என்னட்டி சத்தம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு சண்முகத்தாய் கேட்டாள்:

"நீ மட்டுந்தான் இருக்கியா, உலகு? பேச்சி எங்க போனா?"